வடம் பிடித்த அவையோர்: கூட்டாக எழுதிய இசைநாடகம் ஒன்றை மேடையேற்றிய அனுபவம்

நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கிய ‘ரஜூலா’ கப்பல் பயணிகளைப் பற்றி, எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த பலர் கூடி எழுதிய ஒரு மணி நேர இசைநாடகத்தை அண்மையில் சமூக மன்றக் கூடம் ஒன்றில் மேடையேற்றினோம். பலரைச் சேர்த்துக்கொண்டு பாட்டு எழுதுவது எப்படி என்றுதான் நண்பர்கள் பெரும்பாலும் கேட்கிறார்கள். எங்களுக்கு அதைவிடக் கடினமாக இருந்தது வேறொன்று. எழுதியவர்களில் பலர் முதுமையாலோ வேலை நேரத்தாலோ மேடையில் நிற்க முடியாதவர்கள். அவர்களும் அவர்களைப் போன்ற பிறரும் நாற்காலியில் அமர்ந்தபடியே நாடகத்துக்குள் இருக்க வழி செய்ய வேண்டியிருந்தது. அந்த அரங்கமைப்பு வேலையையே இங்கே பதிவு செய்கிறேன். நான் நெறியாள்கையைக் கவனித்தவன், இசையமைத்தவர் வேறொருவர். ஆனாலும் இருக்கையும் கயிறும் மெட்டும் ஒன்றையொன்று பற்றியே அமைந்ததால் மூன்றையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

எழுதிய முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா, 1970-களின் தொடக்கம் வரை இந்தக் கடல்வழியில் ஓடியது. அதில் சிறுவர்களாக வந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு கிடைக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள் ஆகியோர் தத்தம் பயணத்தைச் சொன்னார்கள். சொன்னதைச் சொன்ன வாய்மொழியிலேயே எழுதி எடுத்தோம். மெட்டுக்காகச் சொற்களை இடம் மாற்றலாம், சொன்னவர் சொல்லாத உவமையைச் சேர்க்கக் கூடாது, தம் பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை சொன்னவருக்கு இறுதி ஒத்திகை வரை உண்டு என்பன எங்கள் விதிகள். தமிழ் இசைநாடகத்துக்குக் கூட்டு முயற்சி புதிதன்று. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு அவருடைய மாணாக்கர்களான சட்டநாதபுரம் வேங்கடராமையரும் கோதண்டராமையரும் இசை அமைத்தார்கள் என்பது இசை பயின்றவர்கள் அறிந்த செய்தி. சிங்கப்பூரிலும் 1988-இல் நாடகாசிரியர் குவோ பாவ் குன் தம் நடிகர்களோடு பயிலரங்கில் கூடி உருவாக்கிய ‘மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்’ நாடகம் பல மொழிகளில், தமிழும் உட்பட, நடந்தது. அதில் ஹொக்கியன் பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் பூனையைத் தேடும் கவலையைச் சைகையாலேயே பகிர்ந்துகொள்ளும் காட்சியைப் பற்றி எங்கள் குழுவில் திரும்பத் திரும்பப் பேசினோம். தமிழ் தெரியாத அண்டை வீட்டாரும் எங்கள் அவையில் இருப்பார்கள் என்பதால் அந்தக் காட்சி எங்களுக்கு நல்ல துணையாக இருந்தது.

அவையோருக்கு என்ன பங்கு கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததும் குழு மூன்றாகப் பிரிந்தது. ஒரு சாரார், பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் வகுத்த ‘ஃபோரம் தியேட்டர்’ முறையில், நாடகத்தை இடையில் நிறுத்தி, பார்வையாளர் ஒருவரை மேடைக்கு அழைத்து, பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு முடிவை நடித்துக் காட்டச் செய்யலாம் என்றார்கள். எங்களில் மூத்தவர்கள் சற்றுத் தயங்கினார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1993-இல் இங்கே அம்முறையில் நாடகங்கள் நடந்த பிறகு, 1994 தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு அவ்வகை நாடகங்களுக்கும் ‘பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்’ எனப்படும் நிகழ்த்துகலைக்கும் அரசு நிதி ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தது. அந்தத் தடை 2003-இல் விலகிவிட்டாலும், முன்கூட்டியே எழுதப்படாத சொல் மேடையில் ஒலிப்பதைப் பற்றிய கூச்சம் அக்காலத்தில் மேடையேறியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். இரண்டாவது சாரார், கதை எப்படி முடிய வேண்டும் என்று அவையை வாக்களிக்கச் சொல்லலாம் என்றார்கள். 1969-இல் மிலானில் முதன்முதலாக மேடையேறிய, பெல்ஜிய இசையமைப்பாளர் ஆன்ரி பூசரின் ‘வோத்ர் ஃபவுஸ்ட்’ ஆப்பராவில் கதையின் போக்கை மாற்றும் உரிமை அவையோருக்கு இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நான் அதை உறுதியாக எதிர்த்தேன். உண்மையில் கப்பலேறி வந்த ஒரு பெண், தன் தங்கையைக் கரையில் விட்டு வந்ததைச் சொல்லி அழுதிருக்கிறார். அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது, தங்கையை அழைத்து வரலாமா வேண்டாமா என்று கூட்டத்தைக் கை தூக்கச் சொல்வது அவருடைய வாழ்க்கையைப் பந்தயமாக்குவதாகும்.

மூன்றாவது யோசனை இசையமைப்பாளரிடமிருந்து வந்தது. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1949-இல் எழுதிய ‘லெட்ஸ் மேக் அன் ஆப்பரா’வில் அவையோருக்கென்றே பாடல்கள் உண்டு, இசை நடத்துநர் அவற்றை அவையோருக்கு அங்கேயே பயிற்றுவித்த பிறகுதான் ஆப்பரா தொடங்கும். அதே பிரிட்டன் 1958-இல் ‘நோயிஸ் ஃபிளட்’ எழுதியபோது, கூடியிருப்பவர்கள் ஏற்கெனவே அறிந்த தேவாலயப் பாடல்களை இடையிடையே வைத்தார். கற்பிப்பது ஒரு வழி, தெரிந்ததைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. எங்களுக்கு இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் வாய்ப்பாகக் கிடைத்தது. ‘ஏலேலோ ஐலசா’ என்ற சொல்லைத் தமிழர் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. மெட்டை மட்டும் புதிதாகக் கொடுத்தால் போதும். கப்பல் கதையில் அந்தச் சொல்லுக்கு உரிய வேலையும் இருக்கிறது. அவையோர் வடம் இழுக்க வேண்டும், இழுத்தால்தான் கப்பல் கரையை விட்டு நகர வேண்டும் என்று முடிவு செய்தோம். அவர்களுக்கு வேடம் எதையும் தராமல் வேலை ஒன்றைத் தருவது என்ற இந்த முடிவிலிருந்தே மற்ற அனைத்தும் பிறந்தன.

முதலில் கூடத்தின் இருக்கைகளைத் திருப்பினோம். வழக்கமான மேடையைப் பயன்படுத்தாமல், நீண்ட கூடத்தின் நடுவே அகலமான பாதை ஒன்றை விட்டு, அதன் இருபுறமும் அவையோர் ஒருவரையொருவர் பார்த்து அமரும்படி நாற்காலிகளைப் போட்டோம். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களும் எதிரெதிராகத்தான் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாதையின் ஒரு முனை நாகப்பட்டினம், மறுமுனை சிங்கப்பூர். எதிர்வரிசையில் இருப்பவர் பாடுவதைப் பார்த்ததும் இந்த வரிசையில் இருப்பவருக்கும் கூச்சம் குறைகிறது. இதை எந்த விளக்கமும் இல்லாமல் இருக்கையே செய்துவிடுகிறது. பாடவோ இழுக்கவோ விரும்பாதவர்களுக்குப் பின்வரிசையை ஒதுக்கி, நுழைவுச்சீட்டிலேயே அதைக் குறிப்பிட்டோம். வாயிற்கதவுகளுக்குச் செல்லும் வழியில் எதுவும் குறுக்கே வரக் கூடாது என்பதால், வடம் கிடக்கும் இடத்தைத் தரையில் வண்ண நாடா ஒட்டி வரையறுத்தோம்.

வடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேங்காய்நார் வடம் பார்வைக்குப் பொருத்தமாக இருந்தது. ஆனால் முதியவர்களின் உள்ளங்கையைக் கீறியது, தும்பு உதிர்ந்து பாடகர்களின் தொண்டையை உறுத்தியது. நைலான் கயிறு வழுக்கியது. இறுதியில், முறுக்கிய பருத்தி வடத்தைத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்துப் பழுப்பாக்கி எடுத்துக்கொண்டோம். கைப்பிடிக்கு அடங்கும் அளவாகப் பெருவிரல் பருமனைவிடச் சற்றுக் கூடுதலான கனம் போதும். அதன் முனைகளைச் சுவரிலோ தூணிலோ கட்டவே இல்லை. இரு முனைகளிலும் பின்பாட்டுக் குழுவினர் நின்று பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் வேகமாக இழுத்தால் அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள், தளர்ந்தால் இறுக்குவார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒத்திகைக்கு வந்து, இளைஞர்கள் வடத்தைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். “தம்பி, கையில சுத்தாதே. கயிறு ஓடுச்சுன்னா கையையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும். நாலு விரலையும் கொக்கி மாதிரி போடு, வேண்டாம்னா விரலைத் தொறந்தா போதும், கயிறு தானா போயிடும்” என்று சொல்லி, ஒவ்வொருவர் விரலையும் தம் கையால் பிரித்து வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து காட்சிக்கு முன் அவையோருக்குப் பிடிமுறையைச் சொல்லித் தருபவர் அவரே. நாடகத்தின் ஒரு பாத்திரமாகவே அதை எழுதிச் சேர்த்துவிட்டோம். சக்கர நாற்காலியில் வருபவர்களை வரிசையின் உள்ளே, வடம் மடியின் உயரத்தில் வரும் இடத்தில் அமர்த்தினோம். எல்லாரும் அமர்ந்தபடியே இழுப்பதால் யாரும் தனித்துத் தெரியவில்லை.

இந்த வடம் இசைக்கும் ஒரு பெரிய உதவி செய்தது. அவையோரைக் கை தட்டச் சொன்னால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஓடத் தொடங்கிவிடும். மிருதங்கக்காரர் எவ்வளவு அழுத்தி வாசித்தாலும் கூட்டத்தின் உற்சாகம் அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். பஜனைக் கூடங்களில் அனைவரும் கண்டிருக்கும் உண்மை இது. வடத்தை இழுக்கும்போது அப்படி நடப்பதில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் உடம்பு பின்னே சாய்ந்து முன்னே வர வேண்டியிருப்பதால், பருத்தியின் பாரமும் மறுமுனையில் நிற்பவர்களின் பிடியும் வேகத்தை ஒரு நிலையில் நிறுத்திவிடுகின்றன. ‘ஏலேலோ’வில் முன்னே வருதல், ‘ஐலசா’வில் பின்னே சாய்தல் என்று நான்கு நான்காக எண்ணும் சதுச்ர நடையில் அமைத்தோம். தாளம் போடத் தெரியாது என்று ஒதுங்குபவர்களும் இழுக்கத் தெரியாது என்று சொல்லவில்லை.

அடுத்தது மெட்டு. பயிற்சி இல்லாத குரல்களுக்கு இடர் தருவது மேல் ஸ்தாயி சட்ஜம், அதாவது ஏழு சுரங்களும் ஏறி முடிந்து உயரத்தில் மீண்டும் வரும் ‘ச’தான். அதைத் தொட வேண்டும் என்று தெரிந்தவுடன் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். நம் இசை மரபில் அந்த மேல் சட்ஜத்துக்கே போகாத இராகங்கள் சில உண்டு. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, குறிஞ்சி, செஞ்சுருட்டி, நவரோஜ் ஆகியவை மத்திய ஸ்தாயிக்குள்ளேயே நின்று, சட்ஜத்துக்குக் கீழேயும் சிறிது இறங்கித் திரும்பும். தாலாட்டிலும் ஓடப்பாட்டிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் இவற்றின் சாயல் அடிக்கடி கேட்பதற்கு இந்த எல்லையும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். எங்கள் இசையமைப்பாளர் நவரோஜைத் தேர்ந்தார். அது மந்தர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்தோடு முடிந்துவிடும். அவையோர் பாடும் பல்லவியை அவர் இன்னும் சுருக்கி, காந்தாரத்துக்கு மேலே போகாமல் நிறுத்தினார். அதற்கு மேலுள்ள இரண்டு சுரங்களும் தனிப்பாடகர்களுக்கு.

சுருதியையும் மரபே தீர்த்து வைத்தது. இவ்வகை இராகங்களை மத்திம சுருதியில் பாடுவது வழக்கம். எங்கள் நாயகன் ஒரு கட்டையில் (சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவார்கள்) பாடுபவர். அவர் வடம் இழுக்கும் காட்சிக்கு வரும்போது சுருதிப் பெட்டியில் பஞ்சமத்தை மூடி மத்திமத்தைத் திறந்தால், அந்த மத்திமமே புதிய சட்ஜமாகிவிடும். அதாவது நான்கு கட்டை. அதன் கீழ்ப் பஞ்சமம் பழைய ஒரு கட்டைச் சட்ஜத்திலேயே வந்து விழுகிறது. ஆகவே அவையோரின் பல்லவி, பியானோக் கட்டையில் சொன்னால் ஒன்றிலிருந்து ஆறு வரை மட்டுமே நடமாடுகிறது. ஆண்கள் கீழே, பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே என்று இரு சாராரும் நெஞ்சுக் குரலிலேயே பாடக்கூடிய இடம் அது. நாயகன் தன் சுருதியை மாற்றிக்கொள்ளவும் தேவையில்லை. ஹார்மோனியம் பல்லவியை ஒருமுறை தனியாக வாசித்ததும் கூட்டம் பிடித்துக்கொண்டது. தாளக் கருவிகளில் உருமியைச் சேர்க்க இளைஞர்கள் மிகவும் விரும்பினார்கள். தைப்பூச ஊர்வலத்தில் அதன் அழகே தனி. ஆனால் தாழ்ந்த கூரையுள்ள கூடத்தில் அவையோர் தங்கள் குரலைத் தாங்களே கேட்க முடியாமல் போகும். மிருதங்கத்தோடு உடுக்கையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அவையோர் தங்கள் சொல்லையும் நாடகத்துக்குத் தர வேண்டும் என்று விரும்பினோம். முன்கூட்டியே தெரியாத சொற்களைத் தாளத்துக்குள் பொருத்த முடியாது. ஆனால் செய்யுளை இராகத்தில் மட்டும் பாடும் விருத்தத்துக்குத் தாளம் இல்லை. எனவே இழுப்பது தாளத்தில், எழுதித் தருவது விருத்தத்தில் என்று பிரித்தோம். கூடத்துக்குள் நுழையும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டைக் கொடுத்து, “உங்கள் குடும்பத்தில் முதலில் கடல் கடந்தவர் கையில் என்ன இருந்தது?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டோம். சீட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் விழும். கப்பல் நடுக்கடலில் நிற்கும் காட்சியில் நாயகி பெட்டியைத் திறந்து, சிலவற்றை எடுத்து, நீலாம்பரியில் விருத்தமாகப் பாடுவார். “அரைப்படி உளுந்து”, “மாமியார் தந்த வெண்கலச் செம்பு”, “திருச்சி விமான நிலையத்தில் அம்மா திணித்த புளிச்சோறு” என்று வந்தவை எதிலும் அலங்காரம் இல்லை. அந்த அலங்காரமின்மையே விருத்தத்துக்கு உயிர் கொடுத்தது. ரஜூலாவில் ஒரு வாரம் வந்தவரின் செம்பும், திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் பறந்து வந்தவரின் புளிச்சோறும் ஒரே விருத்தத்தில் அடுத்தடுத்து வந்ததைக் கேட்டபோது, கட்டுமானத் தொழிலாளர்கள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து எழுந்த “ஆமாம்” என்ற குரல் நாங்கள் எழுதி வைத்ததல்ல. வில்லுப்பாட்டில் பக்கத்துணை ஆமாம் போடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தானாக வருகிறது. அடுத்த காட்சியிலிருந்து அந்த ‘ஆமாம்’ ஒலிக்கப் பாடகர் இடம் விட்டுப் பாடினார்.

இந்தப் பகுதிக்காக, நாடகம் நடத்துவதற்கான உரிம விண்ணப்பத்தில் தனிக் குறிப்பு எழுதினோம். கேள்வி என்ன, சீட்டுகளை யார் முதலில் படித்துப் பார்ப்பார், எத்தனை வரி பாடப்படும் என்பதையெல்லாம் பிரதியோடு இணைத்தோம். காட்சிக்குச் சற்று முன் குழுவிலிருந்து இருவர் சீட்டுகளைப் படித்து, தனி ஒருவரை அடையாளம் காட்டும் செய்திகளையும் பெயர்களையும் எடுத்துவிடுவார்கள். தணிக்கை செய்வதுபோல் ஆகிவிடுமோ என்று சிலர் வருந்தினார்கள். தெரியாமல் எழுதிவிட்ட குடும்பச் செய்தியை அந்நியர் நடுவே பாடிவிடுவதைக் காட்டிலும் இது நல்லது என்பது என் முடிவு.

பல்லவி வரிகளைத் திரையில் காட்டுவதா என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. ஆப்பரா அரங்குகளில் பாட்டின் பொருளை மேடைக்கு மேலே எழுத்தில் காட்டும் வழக்கம் 1983-இல் கனடாவில் தொடங்கியது. இன்று அது எங்கும் உள்ளது. ஆனால் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தால் கண் எழுத்திலேயே தங்கிவிடுகிறது, எதிரே அமர்ந்திருப்பவரைப் பார்ப்பதில்லை. அவையோர் பாட வேண்டிய வரிகளை மட்டும், எட்டு முழ வேட்டி ஒன்றில் துணிச்சாயத்தால் பெரிதாக எழுதி, தமிழ் எழுத்தின் கீழே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பும் சேர்த்தோம். தமிழை வேகமாகப் படிக்க இயலாத பேரப்பிள்ளைகளும் சீன, மலாய் அண்டை வீட்டாரும் அதைப் பார்த்தே பாடினார்கள். அந்த வேட்டியைப் பிடிப்பது யார் என்பதைத் தெருக்கூத்தின் திரைவழக்கிலிருந்து எடுத்துக்கொண்டோம். கூத்தில் வேடதாரி வரும்போது இருவர் திரையைப் பிடித்து நிற்பார்கள். இங்கே, கூத்தில் கதையை அறிவித்து நடத்திச் செல்லும் கட்டியங்காரன் அவையிலிருந்து இரண்டு பேரை அழைத்து வேட்டியின் முனைகளைக் கொடுப்பார். பாட்டும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்று பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவரே இரண்டாம் நாள் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

கட்டியங்காரனைப் பற்றி ஒரு சொல். அவையோரைப் பழக்கும் பொறுப்பை நெறியாளரோ அறிவிப்பாளரோ ஏற்றால் அது வகுப்பறைபோல் ஆகிவிடுகிறது. கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்கும் உரிமை பெற்றவர். கப்பல் சிப்பந்தியாக வந்து பயணச்சீட்டைச் சோதித்தபடியே பல்லவியைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். நாடகம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரிவதில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவில் பயணிகளைத் தனிமைப்படுத்தும் காட்சியிலும் அவரே வடத்தை எல்லார் கையிலிருந்தும் வாங்கித் தரையில் போடுகிறார். அதுவரை பிடித்திருந்ததைக் கைவிடும்போது அவையில் ஏற்படும் அமைதிக்கு இசையே வைக்கவில்லை. அக்காட்சிக்கு எழுதப்பட்டிருந்த பாடலை, எழுதியவரின் இசைவோடு எடுத்துவிட்டோம்.

அடுத்ததாக இந்நாடகத்தை அடுக்குமாடிக் குடியிருப்புப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே தூண்கள் இருப்பதால் நேரான பாதை கிடைக்காது. வடத்தைத் தூண்களுக்கு நடுவே வளைத்து விட்டால் உராய்ந்து சிக்கும். எனவே ஒரே நீண்ட வடத்துக்குப் பதிலாக இரண்டு குறுகிய வடங்களை, ஒன்று இழுக்கும்போது மற்றது தளரும்படி மாறி மாறி இயக்கப் பார்க்கிறோம். மூன்று பக்கமும் திறந்த இடமாதலால் ஹார்மோனியத்தின் ஒலி சிதறும். அதனால் பல்லவியை எடுத்துக் கொடுக்கும் பின்பாட்டுக்காரர்களை ஒரே இடத்தில் நிறுத்தாமல் அவையோர் வரிசைகளுக்குள்ளேயே இரண்டிரண்டு பேராக அமர்த்துவோம். மாலை வேளையில் வேலை முடிந்து மின்தூக்கிக்கு வருகிறவர்கள் நடுவே கடந்து செல்வார்கள் என்பதால், அவர்களுக்கும் ஒரு சீட்டை நீட்ட வசதியாகத் தகரப் பெட்டியை மின்தூக்கிக்குப் பக்கத்தில் வைப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம்.